டர்போ காருக்கு எந்த சைலன்சர்? கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு

டர்போ கார் வாங்கிய ஆறு மாதத்துக்குள் பலருக்கும் வருகிற முதல் ஆசை, சைலன்சரை மாற்றுவது. "பைப்பைப் பெருசாக்கினா டர்போ சீக்கிரம் சுத்தும், இருபது குதிரை கூடும்" என்று கடைக்காரர் சொல்வார். யூடியூப்பும் அதையே சொல்லும். இதில் பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை என்று தெரியாமல் பணத்தைக் கொடுத்தால், கிடைப்பது பெரும்பாலும் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்தக் கதையில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1998-லிருந்து மிட்சுபிஷி லான்சர் தயாரானது இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில்தான். அது டர்போ இல்லாத சாதாரண கார். 2010-ல் அதே நிறுவனம் லான்சர் எவல்யூஷன் எக்ஸ் காரை முழுதாக இறக்குமதி செய்து விற்றது. 2 லிட்டர் டர்போ, 295 குதிரைத்திறன். வாங்கியவர்கள் மிகச் சிலரே. இன்று நம் பக்கத்தில் 'டர்போ ஸ்போர்ட்ஸ்' என்று சொல்லி அதிகம் ஓடுவது போலோ ஜிடி, ஐ20 என் லைன் மாதிரியான சின்ன கார்கள். ஐ20 என் லைன் பக்கத்து மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2021-ல் வந்தது: 1 லிட்டர், 3 சிலிண்டர், 120 குதிரைத்திறன். கறாராகப் பார்த்தால் இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் சைலன்சர் கடை வாசலில் நிற்பது இவைதான் என்பதால், இந்த இரண்டு எஞ்சின்களையும் வைத்தே கணக்குப் போடுகிறேன்.

எது எங்கே இருக்கிறது

டர்போ காரில் எரிந்த வாயு போகும் வழி இது. எஞ்சினிலிருந்து மேனிஃபோல்டு, அதை ஒட்டி டர்போவின் டர்பைன், டர்பைனிலிருந்து கீழே இறங்கும் டவுன்பைப், அதோடு சேர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர் (இனி 'கேட்' என்கிறேன்), காரின் அடியில் ஓடும் நடு பைப், அதில் ஒரு ரெசொனேட்டர், கடைசியில் நாம் சைலன்சர் என்று சொல்லும் மஃப்ளர்.

கடையில் விற்பது மூன்று வகை. மஃப்ளரை மட்டும் மாற்றுவது ஆக்சில்பேக். கேட்டுக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மாற்றுவது கேட்பேக். டர்போவை ஒட்டிய பகுதியை மாற்றுவது டவுன்பைப். இந்த மூன்றாவது வகையில்தான் கேட்டையே தூக்கிவிடும் வேலையும் நடக்கிறது.

"கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் வண்டி இழுக்கும்" என்பது பட்டறைகளில் புழங்கும் நம்பிக்கை. டர்போ இல்லாத எஞ்சினில் பைப்பின் நீளமும் அகலமும் வாயு அலைகளை ஒழுங்குபடுத்தும். அதைக் கெடுத்தால் கீழ் வேகத்தில் இழுவை குறையும், அந்த அனுபவத்திலிருந்து வந்த பேச்சு இது. டர்போவில் விஷயம் வேறு. டர்பைனைச் சுற்றுவது அதற்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான விகிதம். பின்னால் உள்ள அழுத்தம் குறையக் குறைய நல்லது. ஆக, கடைக்காரர் சொல்லும் திசை சரிதான். அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கணக்கு

பெட்ரோல் எஞ்சினில் 10 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 450 கிராம் காற்று வேண்டும் என்பது டர்போ உலகின் புழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு. 120 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5.4 கிலோ. பெட்ரோலையும் சேர்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 0.097 கிலோ வாயு வெளியே போகிறது. கேட்டைத் தாண்டிய இடத்தில் வெப்பம் 600 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அந்த வாயுவின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.4 கிலோதான். அதாவது நொடிக்கு 240 லிட்டர். மொட்டை மாடியில் இருக்கும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை இரண்டு நொடியில் நிரப்பும் ஓட்டம்.

இதை மூன்று பைப்பில் விட்டுப் பார்ப்போம். 50 மி.மீ. (ரெண்டு இன்ச்) பைப்பில் வாயுவின் வேகம் நொடிக்கு 123 மீட்டர். 63 மி.மீ. (ரெண்டரை இன்ச்) பைப்பில் 78 மீட்டர். 76 மி.மீ. (மூணு இன்ச்) பைப்பில் 53 மீட்டர்.

உராய்வும் வளைவுகளும் தின்னும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்று மீட்டர் நீளம், நாலைந்து வளைவு என்று எடுத்துக்கொண்டால், 50 மி.மீ. பைப்பில் சுமார் 9 கிலோபாஸ்கல் போகிறது. 63 மி.மீ. பைப்பில் 3.6, 76 மி.மீ. பைப்பில் 1.7. (வளிமண்டல அழுத்தமே 101 கிலோபாஸ்கல் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.) ரெண்டிலிருந்து ரெண்டரைக்குப் போனால் 5.4 மிச்சம். ரெண்டரையிலிருந்து மூணுக்குப் போனால் 2-கூட இல்லை. சின்ன எஞ்சினுக்கு மூணு இன்ச் பைப் என்பது எடையும் சத்தமும் மட்டுமே.

சரி, அந்த 5.4 கிலோபாஸ்கல் எத்தனை குதிரை? டர்பைனின் அழுத்த விகிதம் 1.8 என்று கொண்டால், பின்னால் 5.4 குறையும்போது முன்னால், அதாவது எஞ்சின் தள்ளவேண்டிய இடத்தில், சுமார் 10 குறையும். 1 லிட்டர் எஞ்சின் ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த 10 கிலோபாஸ்கலை எதிர்த்துத் தள்ளாமல் மிச்சப்படுத்துவது 10 ஜூல். 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 சுழற்சி. மொத்தம் 500 வாட். குதிரைத்திறனில் சொன்னால் சுமார் 0.7.

இருபது இல்லை. அரைக்கு கொஞ்சம் மேலே!

இது நேரடி லாபம் மட்டும். சிலிண்டரில் மிஞ்சும் பழைய வாயு குறைவதால் எரிப்பு கொஞ்சம் மேம்படும், டர்போவும் சற்று முன்னதாக எழும். எல்லாம் சேர்த்தாலும் 120-ல் இரண்டு, மூன்று குதிரைக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் ஏசி போட்டால் அதைவிட அதிகம் போய்விடும்.

ஈசியூ விடாது

இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்போதைய டர்போ எஞ்சின்களில் பூஸ்ட் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பைப் இல்லை, ஈசியூ. இத்தனை டார்க் வேண்டும் என்று அது ஓர் இலக்கு வைத்திருக்கிறது. பைப் தாராளமாகி டர்போ வேகமெடுத்தால், வேஸ்ட்கேட்டைத் திறந்து மிச்ச வாயுவை டர்பைனைச் சுற்றி வெளியே அனுப்பிவிடும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஓட்டத்தை ஈசியூ அமைதியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

மென்பொருள் வேலையில் ஒரு பால பாடம் உண்டு: எந்த இடம் மெதுவாக ஓடுகிறது என்று அளக்காமல் எதையும் வேகப்படுத்தக் கூடாது. இங்கேயும் அதேதான். ஃபேக்டரி டியூனில் ஓடும் காருக்கு பின்பக்க பைப் பொதுவாகத் தடையே இல்லை.

தடையாக மாறுவது எப்போது? ஈசியூவை மறுபடி டியூன் செய்து பூஸ்ட்டை ஏற்றும்போது. வாயு ஓட்டம் 30 சதவீதம் கூடினால் அழுத்த இழப்பு 69 சதவீதம் கூடும். எவல்யூஷன் எக்ஸ் மாதிரி 295 குதிரைக்கு இதே கணக்கைப் போட்டால், 63 மி.மீ. பைப்பில் வாயு நொடிக்கு 190 மீட்டருக்கு மேல் ஓடும், இழப்பு 20 கிலோபாஸ்கலைத் தாண்டும். அங்கே மூணு இன்ச் நியாயம். சுருக்கமாக, டர்போ காரில் பெரிய பைப் என்பது திறன் இல்லை, திறனைக் கூட்டுவதற்கான அனுமதி. கூட்டப்போவதில்லை என்றால் அந்த அனுமதி எதற்கு?

சத்தம்: உள்ளே

"எனக்கு பவர் வேண்டாம், நல்ல சத்தம் போதும்" என்பவர்கள் நேர்மையானவர்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

3 சிலிண்டர், 4 ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை வெடிப்பு. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம் தாண்டி 2,400 ஆர்பிஎம்மில் சீராக ஓட்டுகிறீர்கள் என்றால், நொடிக்கு 40 சுற்று, 60 வெடிப்பு. அதாவது 60 ஹெர்ட்ஸ். 4 சிலிண்டராக இருந்தால் 80 ஹெர்ட்ஸ். காரின் உட்பகுதி ஒரு பெட்டி. இந்தத் தாழ்ந்த அதிர்வுகளில் அது தானும் சேர்ந்து முழங்கும். இதற்குத்தான் டிரோன் என்று பெயர். கடை வாசலில் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது இனிமையாகக் கேட்கும் சைலன்சர், கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் தலைவலி தருவது இதனால்தான்.

இதற்கு பைப்பின் பக்கவாட்டில் முனை அடைத்த ஒரு கிளைக் குழாய் வைப்பார்கள். அலையின் கால் பங்கு நீளத்துக்கு அது இருந்தால், உள்ளே போய்த் திரும்பும் அலை வரும் அலையை அடித்துவிடும். 300 டிகிரி வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 480 மீட்டர். 80 ஹெர்ட்ஸுக்குத் தேவையான நீளம் 1.5 மீட்டர். 60 ஹெர்ட்ஸுக்கு 2 மீட்டர்! சின்ன காரின் அடியில் அதற்கு இடம் தேடுவது கஷ்டம். அதனால் 3 சிலிண்டர் காருக்கு நடு ரெசொனேட்டரை வெட்டி எறியச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வாங்குவதற்கு முன் அதே சைலன்சர் பொருத்திய அதே மாடல் காரில் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து பாருங்கள். வீடியோவில் டிரோன் கேட்காது. ஃபோன் ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது.

சத்தம்: வெளியே

காலை ஐந்தரைக்கு முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறீர்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது. கேட்டைச் சீக்கிரம் சூடாக்க ஈசியூ ஐடிலை ஏற்றி, தீப்பொறியைத் தாமதப்படுத்தும். எரிப்பின் கடைசிப் பகுதி சைலன்சர் பக்கம் நடக்கும். நாள் முழுக்க உங்கள் தெருவில் நின்றபடி கார் அதிகச் சத்தம் போடுவது இந்த முதல் ஒரு நிமிடத்தில்தான்.

ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. ராத்திரி மட்டும்தான் மனிதர்கள் தூங்குவார்கள் என்ற கணிப்பில் எழுதிய விதி இது. சிப்காட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்தக் கணிப்பு செல்லாது. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருப்பார். ஃபர்னஸ் பக்கத்திலோ பிரஸ் மெஷினிலோ நிற்கிற வேலை. தூக்கம் கெட்டால் அவருக்குப் போவது ஒரு நாள் தூக்கம் மட்டும் இல்லை, கையும்தான். எத்தனை டெசிபல் சட்டப்படி சரி என்பதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

அளந்து பார்க்க எளிய வழி உண்டு. சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி பக்கவாட்டில், அதன் உயரத்திலேயே ஃபோனை வையுங்கள். அதிகபட்சத் திறன் தரும் ஆர்பிஎம்மின் முக்கால் பங்கில் எஞ்சினைப் பிடியுங்கள். மாற்றும் முன்பு ஒரு அளவு, மாற்றிய பின் ஒரு அளவு, அதே ஃபோனில், அதே இடத்தில். ஃபோன் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், வித்தியாசத்தை நம்பலாம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரு மடங்காகக் கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அரை மீட்டரில் 96 என்றால் எட்டு மீட்டர் தள்ளியுள்ள ஜன்னலில் 72. அந்த 72 யாருடைய ஜன்னல் என்று உங்களுக்குத் தெரியும்.

எஃகு விஷயம்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் எல்லாம் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் பக்கம். உப்புக் காற்று, தொழிற்சாலைப் புகை இரண்டும் உண்டு. அதனால் பைப்பின் உலோகம் முக்கியம்.

ஃபேக்டரி பைப்கள் பெரும்பாலும் 409 வகை. குரோமியம் 11 சதவீதம் போல. மேலே பழுப்பாகத் துரு படியும், ஆனால் பல வருடம் தாங்கும். மாற்று பைப்புக்கு நல்லது 304: குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல். கடையில் "எஸ்எஸ்" என்று சொல்லித் தருவதோ பல சமயம் 200 வரிசை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு எஃகு. சில வகைகளில் நிக்கல் 1 சதவீதம்தான். பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. உப்புக் காற்றில் வெல்டிங் ஓரத்தில் முதலில் துரு காட்டும்.

"காந்தம் ஒட்டலைன்னா 304" என்ற சோதனை இங்கே ஏமாற்றும். 409-ல் காந்தம் ஒட்டும். 304-ல் ஒட்டாது, 200 வரிசையிலும் ஒட்டாது. பிரித்துக் காட்டுவது மாங்கனீஸ் சோதனைத் துளி. பழைய இரும்புக் கடைகளிலேயே ஒன்பது வோல்ட் பேட்டரியோடு வைத்திருப்பார்கள், 200 வரிசை என்றால் துளி சிவக்கும். இல்லாவிட்டால் ஒரு வெட்டுத் துண்டை ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்குக் கொடுக்கலாம். ஸ்கிராப்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலைகள் நிறைந்த பகுதி இது. ஸ்பெக்ட்ரோ என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

304 சூட்டில் 409-ஐவிட அதிகம் நீளும். மூன்று மீட்டர் பைப் சராசரியாக 300 டிகிரி ஏறினால் 409 சுமார் 10 மி.மீ. நீளும், 304 சுமார் 15 மி.மீ. முன்னால் நெளியும் பெல்லோஸ் இல்லாமல், ரப்பர் தொங்கிகளை இறுக்கிப் பொருத்தினால், அந்த 15 மி.மீ. டர்போ ஃபிளேஞ்சைப் போய் இழுக்கும். விரிசல் அங்கே விழும்.

வெல்டிங்கில் பார்க்க வேண்டியது, பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட்டு டிக் வெல்டிங் செய்கிறார்களா என்பது. விடாவிட்டால் உள்பக்கம் கருகிச் சர்க்கரை போலப் பொருபொருவென்று நிற்கும். ரசாயன ஆலைகளுக்கு பைப் வேலை செய்த வெல்டருக்கு இது சொல்லாமலே தெரியும். வளைவு, உள்ளே அச்சு வைத்து வளைத்த மாண்ட்ரல் வளைவாக இருக்கட்டும். நசுங்கி வளைந்தால் அந்த இடத்தில் ரெண்டரை இன்ச் பைப் மறுபடி ரெண்டு இன்ச் ஆகிவிடும்.

சட்டமும் கேட்டும்

மத்திய மோட்டார் வாகன விதி 120, ஒவ்வொரு வண்டிக்கும் சத்தத்தை முடிந்த மட்டும் குறைக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. சத்தமோ புகையோ வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2): 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதம் லைசென்சும் போகும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4)-ன் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000, அல்லது இரண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பை மாற்றுவதை 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. "ஆஃப்ரோடு யூஸ் ஒன்லி" என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது ரேஸ் டிராக்குக்கான பொருள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சரி, ஜிஎன்டி ரோட்டில் இல்லை.

கேட்டைத் தூக்குவது தனிக் குற்றம், என் கணக்கில் மிகப் பெரியது. சூடான கேட் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிக்கிறது. அதை எடுத்துவிட்டால் நச்சு வாயு கணக்கில் உங்கள் ஒரு கார் பத்து காருக்குச் சமம். மணலி, எண்ணூர் காற்றை ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் அதையும் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று குதிரை நல்ல பேரம் இல்லை. பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து எஞ்சின் விளக்கைப் போடும், அதை மறைக்க இன்னொரு ஏமாற்று வேலை, அதற்கு இன்னொரு செலவு. வாரன்டியும் சிக்கலாகும்.

அப்போ எதை வாங்குவது?

ஃபேக்டரி டியூனில் ஓட்டுபவர், சின்ன டர்போ: சைலன்சரைத் தொட வேண்டாம். அதே பணத்துக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் போட்டால் கார் உண்மையிலேயே வேகமாகும், நிற்கவும் செய்யும்.

ஃபேக்டரி பைப் துருப்பிடித்து எப்படியும் மாற்ற வேண்டும் என்றால்: கம்பெனியின் அசல் பாகமே முதல் தேர்வு. வெளியே செய்வதானால் அதே விட்டம் அல்லது ஒரு படி பெரிது, 304, ரெசொனேட்டரோடு, அசல் அளவு மஃப்ளரோடு. முன்பின் அளந்ததில் சத்தம் கூடக் கூடாது, அதைக் கடைக்காரரிடம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

டிராக்குக்குப் போகும் 250 குதிரைக்கு மேற்பட்ட கார்: முதலில் டியூனரிடம் இலக்கைப் பேசி, இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கை உங்கள் எண்களில் போட்டு, பிறகு விட்டத்தைத் தீர்மானியுங்கள். டிராக் பைப்பைத் தனியாக வையுங்கள். கழற்றிய அசல் பைப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ரோட்டுக்கு அதுதான் வேண்டும், விற்கும்போது வாங்குபவரும் அதைத்தான் கேட்பார்.